விளையாட்டுத் திடலும் ஊர்த் தலைமையும்

சித்திரைத் திங்களில் அவிநாசியில் தேர் ஓடும் காட்சியைக் கண்டு மகிழாதவர் நம் வட்டாரத்தில் அரியர். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரக்கணக்கானோர். அவர்தம் முழக்கம் வானை முட்டும். ஆயின், அத்துணைப் பேரிரைச்சலுக்கு நடுவே, சக்கரத்தை ஒட்டிச் சிலர் வாய் திறவாது நடந்து வருவதையும் நாம் காண்கிறோம். அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. எந்தச் சக்கரத்தின் கீழ் எப்பொழுது கட்டையை இடுவது, இட்டதை எந்த நொடியில் எடுப்பது என்பதே அவர்தம் கவலை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள் கொள்கிறோம். தேருக்கோ அதுவே வழிகாட்டி. தேர் நிலை சேர்ந்த பின்னர் அவர்கள் பெயரை எவரும் கேட்பதில்லை.

விளையாட்டு வீரனுக்குப் பயிற்றுநர் இத்தகையவரே. ஓடுபவன் வேறு, கை தட்டுவோர் வேறு, சக்கரத்தின் மேல் கண் வைத்து உடன் நடப்பவர் வேறு. நம் ஊர்களில் ஓடத் தக்க பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கை தட்டுவோருக்கும் குறைவில்லை. உடன் நடப்போரே போதிய அளவில் இல்லை. அவர்களை உண்டாக்குவதில் ஊராட்சிக்கு உள்ள பங்கு யாது என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நாம் செய்த பிழை ஒன்று

பிறருக்குப் பாடம் சொல்லுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு நாம் தலைமை தாங்கச் சென்றிருந்தோம். 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு மாணவன், காலணியும் இன்றி, மற்றவரை வெகு தொலைவு பின்னே விட்டு முதலாவதாக வந்தான். அவன் தோளில் கை வைத்து, நாட்டுக்கே பெருமை தேடித் தரப் பிறந்தவன் இவன் என்று ஒலிபெருக்கியில் உணர்ச்சியுடன் பேசினோம். கூட்டம் ஆர்ப்பரித்தது. நாமும் மனநிறைவுடன் ஊர்தி ஏறினோம்.

மறு ஆண்டு அதே விழாவில் அவனைத் தேடினோம். அவன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு இரவு வேலைக்குச் செல்வதாகக் கூறினர். வீட்டில் கடன், தந்தைக்கு உடல்நலமில்லை. இடைப்பட்ட ஓராண்டில் அவன் வீட்டு வாயிலை மிதித்தவர் ஒருவருமில்லை. நாமும் மிதிக்கவில்லை. அன்று நாம் சொன்ன ஊக்கமொழி முழுவதும் காற்றோடு போயிற்று. உழைத்து உண்பது இழிவன்று; அவன் குடும்பத்தைத் தாங்கியது பெருமைக்குரியதே. ஆனால் அவனுக்கு வேறொரு வழியும் உண்டு என்று காட்ட ஓர் ஆள் இல்லாமற் போனதற்கு ஊரும் நாமும் பொறுப்பாளிகள். ஊக்கச் சொல் விதை போன்றது. விதைத்தவன் நீர் பாய்ச்சவும் களை எடுக்கவும் வாராவிடில், விதையின் மேல் குறை சொல்வதில் பொருளில்லை.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில் வைத்துள்ளார். ஊக்கம் என்பது தனி மனிதனின் உள்ளக் கிளர்ச்சி மட்டுமன்று, ஆள்வோர் பேணிக் காக்க வேண்டிய ஒரு செல்வமும் ஆகும் என்று நாம் இதனைக் கொள்ளலாம். ஊராட்சியும் ஓர் ஆட்சியே அன்றோ?

சின்னப்பம்பட்டி கற்பிப்பது

சொல்லோடு நில்லாமல் உடன் நடந்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1991இல் பிறந்தவர் கிரிக்கெட் வீரர் த. நடராஜன். தந்தை விசைத்தறிக் கூலித் தொழிலாளி; தாய் சாலையோரத்தில் சிறு கடை வைத்திருந்தவர். தறிச் சத்தத்தில் கண் விழிக்கும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த வீடு அயல் வீடாகத் தோன்றாது. இருபது வயது வரையில் நடராஜன் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்தில்தான். கிரிக்கெட் பந்தைப் பிடித்துப் பழகும் வாய்ப்பே அதுவரை அவருக்குக் கிட்டவில்லை.

அவ்வூரிலேயே ஜெயப்பிரகாஷ் என்பவர் இருந்தார். அவர் பெரும் பதவியில் இருந்தவர் அல்லர். இளைஞன் ஒருவன் பந்து வீசுவதைக் கண்டார். அதில் இருந்த அருமையை உணர்ந்தார். உணர்ந்ததோடு நில்லாமல் அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கழக ஆட்டங்களில் சேர வழி செய்தார். ஊரில் எத்தனையோ பேர் அதே பந்துவீச்சைப் பார்த்து, 'நன்றாக வீசுகிறான்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பர். 'நன்றாக வீசுகிறான், ஆகவே நான் என்ன செய்ய வேண்டும்?' என்று தம்மையே கேட்டுக்கொண்டவர் இவர். தலைமை என்பது இந்த இரண்டாம் கேள்வியில் பிறக்கிறது.

2020 டிசம்பர் 2ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் நடராஜன் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் டெஸ்ட் ஆட்டத்திலும் இடம்பெற்றார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் முதன்முறையாகக் களம் இறங்கிய முதல் இந்தியர் அவரே. ஐ.பி.எல். ஆட்டங்களில் தம் சட்டையின் முதுகில், தம் பெயருக்கு முன்னே 'ஜே.பி.' என்னும் எழுத்துகளையும் அவர் பொறித்துக் கொண்டார். தேர் நிலை சேர்ந்த பின்னும் முட்டுக்கட்டை இட்டவரை மறவாத நன்றி அது.

குறையை எடுத்துரைக்கும் நேர்மை

இவ்வரலாற்றில் பலர் கவனியாத பகுதி ஒன்று உண்டு. 2015இல் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கிய உடனேயே, நடராஜன் பந்து வீசும் முறை விதிக்கு ஒத்ததா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. பல ஆண்டு உழைப்பு வீணாகுமோ என்ற நிலை. அவ்வேளையில் அவருக்கு வேண்டியது புகழுரை அன்று. கை எங்கே மடங்குகிறது, தோள் எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வோர் அசைவாகப் பிரித்துப் பார்த்துத் திருத்தும் ஆசான்களே வேண்டும். அத்தகைய பயிற்றுநர் துணையோடு அவர் தம் வீச்சு முறையைப் பெரும்பாலும் புதிதாகவே கற்றுக்கொண்டார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களில் மீண்டும் திறம் காட்டினார். 2017இல் ஐ.பி.எல். அணி ஒன்று அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது.

இதனின்று நாம் அறிவது யாது? பயிற்றுநரின் அன்பு, குறையை மறைக்கும் அன்பாக இருத்தல் ஆகாது. உழவு கோணினால் கோணிற்று என்று சொல்பவரே உழவனுக்கு உற்றவர். எனினும் அதைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. 'உனக்கு வராது' என்பது ஆளைக் குறை கூறுவது. 'முழங்கை இவ்விடத்தில் மடங்குகிறது, நாளை இதனை மட்டும் சரி செய்வோம்' என்பது வேலையைக் குறை கூறுவது. முன்னது நெஞ்சை மூடும். பின்னது வழியைத் திறக்கும்.

ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் கண்

அதே சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறியதால் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. தாயார் சரோஜா காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். அப்பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் இராஜேந்திரன், கால் குறைபட்ட இந்தச் சிறுவனிடம் உயரம் தாண்டும் ஆற்றல் இருப்பதைக் கண்டு ஊக்குவித்தார். பதினான்காம் வயதில், குறைபாடு இல்லாத மாணவரோடு போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் பெங்களூருவில் பயிற்றுநர் சத்தியநாராயணாவிடம் முறையான பயிற்சி கிட்டியது.

2016இல் ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம்; 2021இல் டோக்கியோவில் வெள்ளி; 2024இல் பாரிசில் வெண்கலம். மூன்று ஒலிம்பிக்கில் மூன்று பதக்கங்கள். அந்த ஆசிரியர் சிறுவனின் காலைப் பார்த்து 'நீ ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்' என்று சொல்லியிருந்தால், உலகில் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அது இரக்கம் என்றே கருதப்பட்டிருக்கும். இரக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நம் ஊர்ப் பள்ளிகளில் ஓரமாக அமர்த்தப்பட்டுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று உறுப்பினர்கள் ஒரு நாள் சென்று பார்த்தல் நன்று.

தோல்வியின் மறுநாள்

வெற்றி விழாவில் பேச எவராலும் இயலும். பயிற்றுநரின் தலைமை வெளிப்படுவது தோல்விக்கு மறுநாள் காலையில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்தின் பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷாவை இளம் பருவத்திலேயே கண்டு பயிற்றுவித்தவர் ஓ.எம். நம்பியார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 நொடிகளில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்றவரின் நேரம் 55.41 நொடிகள். நூறில் ஒரு நொடி! கண் இமைக்கும் நேரத்தினும் குறைவான அந்த இடைவெளியில் பதக்கம் கை நழுவிற்று.

அத்துடன் மனமுடைந்து ஓட்டத்தை விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆசானும் மாணவியும் மீண்டும் திடலுக்குத் திரும்பினர். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். துரோணாச்சாரியார் விருது 1985இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். ஓய்வுக்குப் பின் உஷாவும் 2002இல் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நடராஜனும் தம் ஊரில் கிரிக்கெட் திடல் ஒன்றை அமைத்து, அது 2023 ஜூனில் திறக்கப்பட்டது. நன்கு பயிற்றப்பட்டவர் தாமும் பயிற்றுவிக்க முற்படுகிறார். ஒரு விளக்கில் ஏற்றிய சுடர் அடுத்த விளக்குக்குச் செல்வது இங்ஙனமே.

அடியும் வசையும் பயிற்சி ஆகா

'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியைச் சில பயிற்றுநர்கள் இன்றும் வேதமாகக் கொண்டுள்ளனர். காங்கேயம் காளை வளர்க்கும் நம் உழவர் இதனை ஒப்புவரா? இளங்கன்றை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவார் இல்லை. முதலில் வெறும் நுகத்தடி. பிறகு வெறும் வண்டி. பின்னரே சிறு பாரம். மிரண்டால் தட்டிக் கொடுப்பார். கழுத்துப் புண்பட்டால் ஓய்வு விடுவார். பிள்ளையின் உடலுக்கும் இதுவே முறை. ஓடும் தொலைவையும் தாண்டும் எண்ணிக்கையையும் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடச் சொல்வது வீரம் அன்று, அறியாமை.

பெண் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அத்தயக்கத்தை ஏளனம் செய்யாமல் நீக்குதல் ஊராட்சியின் கடமை. பயிற்சி நேரத்தில் ஊர்ப் பெண்மணி ஒருவரேனும் திடலில் இருத்தல், தனியறைப் பயிற்சியைத் தவிர்த்தல், கழிவறையும் உடை மாற்றும் மறைவிடமும் அமைத்தல், வெளியூர்ப் போட்டிக்கு ஆசிரியையோ தாயாரோ உடன் செல்லுதல் ஆகியவை இன்றியமையாதவை. பிள்ளை ஒரு குறையைச் சொன்னால், பயிற்றுநரின் பெயரையும் புகழையும் எண்ணி அதனை மூடி மறைத்தல் கூடாது. பதக்கத்தினும் பிள்ளையின் பாதுகாப்பே பெரிது.

ஊராட்சி செய்யத் தக்கவை

1. திடல். பெருநிலம் இல்லையே என்று கவலுதல் வேண்டா. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஏறத்தாழ மூன்றேகால் சென்ட்டு. கைப்பந்துக் களம் 18க்கு 9 மீட்டர், நான்கு சென்ட்டு. சுற்றிலும் 3 மீட்டர் இடைவெளி விட்டாலும் ஒன்பது சென்ட்டுக்குள் அடங்கும். கோ-கோ களம் 27க்கு 16 மீட்டர். பத்தே முக்கால் சென்ட்டு. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்ப் பல ஊர்களில் விளையாட்டுத் திடல்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பவை உளவாயின் முதலில் அவற்றை மீட்க. கல் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, நீர் தெளித்துச் சமன் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் போதும்.

2. பொருள்கள். 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்படி ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு வழங்கப்பட்டது. பந்து தேய்ந்தால் வாங்கிக்கொள்ளலாம். பூட்டிய அறையில் கிடந்து கறையான் அரித்தால் யாருக்கும் பயனில்லை. சாவியை நாள்தோறும் திடலுக்கு வரும் ஒருவர் பொறுப்பில் விடுக.

3. ஆள். உடற்பயிற்சி ஆசிரியர், முன்னாள் வீரர், ஓய்வு பெற்ற படைவீரர், காவலர் ஆகியோருள் தகுந்த ஒருவரை நாடுக. ஆட்டத்தில் வல்லவர் என்பது மட்டும் தகுதி அன்று. காலை ஐந்தரை மணிக்குத் தவறாது வருபவரா, பிள்ளைகளிடம் சாதியும் வசதியும் பார்க்காதவரா என்று ஆய்ந்து தேர்க.

4. பதிவேடு. பால் கறவைக்குக் கணக்கு வைக்கும் நாம் பிள்ளையின் ஓட்டத்துக்கும் கணக்கு வைக்கலாகாதா? நாள், வருகை, ஓடிய நேரம், தாண்டிய உயரம், உடல்நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுக. சென்ற திங்களினும் அரை நொடி குறைந்திருப்பதை எழுத்தில் காட்டுவது நூறு ஊக்க உரைக்குச் சமம்.

5. வீடு. சிறந்த பிள்ளையின் பெற்றோரை உறுப்பினர் நேரிற் காண்க. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு என்பதையும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் மாணவர்க்கு இடமும் உணவும் பயிற்சியும் கிட்டும் என்பதையும் எடுத்துரைக்க. கம்பு, கடலை, பயறு, முட்டை, பால் ஆகியவை போதிய அளவில் கிடைக்கின்றனவா என்றும் விசாரிக்க.

6. விட்டுக் கொடுத்தல். பிள்ளை நம் ஊர்ப் பயிற்சியைக் கடந்து வளர்ந்துவிட்டால், மேலான பயிற்றுநரிடம் மகிழ்வுடன் அனுப்புக. நாற்றங்கால் நெல்லை நாற்றங்காலிலேயே வைத்திருப்பவர் அறுவடை காண்பதில்லை.

முடிவுரை

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. கிராம சபையில் ஒரு பொருளாக வைத்துத் தீர்மானித்தால் பலவற்றை உடனே தொடங்கலாம். தேவைப்படுவது தொடர்ச்சியே. அத்திக்கடவு நீர் நம் குளங்களுக்கு வர நாம் பல்லாண்டு காத்திருந்தோம். கோரிக்கையைத் தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்தான். 2024 ஆகஸ்டில் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நீருக்காக அத்துணைப் பொறுமை காட்டிய மக்கள், தம் பிள்ளைகளின் ஆற்றலுக்காக ஐந்தாண்டு பொறுக்க மாட்டார்களா?

ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் ஒரே ஒரு பிள்ளையின் பெயரை இன்று குறித்துக்கொள்வாராக. அப்பிள்ளையின் வீட்டு வாயிலை இத்திங்களுக்குள் ஒரு முறை மிதிப்பாராக. நாம் அன்று செய்யத் தவறியது அதுவே. மேடையில் ஒரு சொல் சொல்வது எளிது; மறுநாள் விடியலில் திடலில் நிற்பதே தலைமை.

உறுப்பினர் கூடி ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊராட்சியில் விளையாட்டுக்கென உள்ள நிலம் எவ்வளவு? அதன் இன்றைய நிலை என்ன?

2. கடந்த மூன்று ஆண்டுகளில் பள்ளிப் போட்டிகளில் முதலிடம் பெற்ற பிள்ளைகள் இப்பொழுது எங்கே உள்ளனர்?

3. மாலை வேளையில் திடலுக்கு வரும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? வாராதவர் வாராமைக்குக் காரணம் யாது?

4. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கக் கூடிய பயிற்றுநர் நம் ஊரில் யாவர்? அவரிடம் இதுவரை நாம் கேட்டதுண்டா?